கிடாரும் கையுமாக இருக்கும் பிள்ளை: தடுப்பதா, விடுவதா?

“பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு எலெக்ட்ரிக் கிடாரோடு உட்கார்ந்துவிடுகிறான். வாத்தியார் யாரும் கிடையாது. வீடியோ பார்த்துப் பார்த்து அவனே கற்றுக்கொள்கிறான். நாளைக்கு இதுதான் என் தொழில் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. பரீட்சை முடியும்வரை கிடாரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடலாமா?” என்று கேட்டிருந்தீர்கள்.

போட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். முதலில் உங்களோடு கொஞ்சம் பேசிவிட்டு, அப்புறம் உங்கள் மகனிடம் நேராகவே பேசுகிறேன்.

உங்கள் பயத்துக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இது அவனுக்குத் தொழிலாகுமா என்பது ஒன்று. அவன் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறானா, பொழுதுதான் போகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதினாறு வயதில் யாராலும் பதில் சொல்ல முடியாது, அவனாலும் முடியாது. இரண்டாவது கேள்விக்கு நீங்களே கால் மணி நேரத்தில் பதில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு சங்கீதம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கதவுக்கு வெளியே நின்று கேளுங்கள். ஒரு சின்னத் துணுக்கே திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் மெதுவாக, ஓர் இடத்தில் நின்று நின்று வருகிறது என்றால் கேட்கிற உங்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே வேலை நடக்கிறது. பாட்டின் தொடக்கம் படுவேகமாக வருகிறது, கை தடுக்குகிற இடம் வந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறான், மறுநாளும் அதே இடத்தில் அதே தப்பு என்றால் நேரம்தான் போகிறது, கை வளரவில்லை. தானாகக் கற்பவர்களில் பலர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். இருபது பாட்டுக்கு முதல் வரி வரும், ஒரு பாட்டும் கடைசிவரை வராது. அதனால் நீங்கள் அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசித்துக் காட்டேன்.” அதட்டலாகக் கேட்காதீர்கள், ஆசையாகக் கேளுங்கள். மாதம் ஒரு பாட்டு முழுசாக வந்தால் அந்தப் பிள்ளை தனக்குத் தானே வாத்தியாராக இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். தன் தப்பைத் தானே காதால் பிடித்து, பிரித்துப் பார்த்து, சரிசெய்கிற அந்தப் பழக்கம் எந்தப் படிப்புக்குப் போனாலும் கூட வரும். அதைப் பரண்மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

படிப்பும் கிடாரும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள். சிலருக்கு அப்படி ஆவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்று பேரைப் பாருங்கள். க்வீன் என்ற ராக் குழுவின் கிடாரிஸ்ட் பிரையன் மே, 1963-ல் தொடங்கி, பள்ளிப் பருவத்தில், எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரான தன் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு கிடாரையே செய்தார். பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் அதன் கழுத்தைச் செதுக்கினார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வான் இயற்பியல் ஆராய்ச்சியில் இருந்தவர், குழு வளர்ந்தபோது படிப்பைப் பாதியில் விட்டார். அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். பிறகு அதே ஆராய்ச்சியைக் கையில் எடுத்து 2007-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பாஸ்டன் என்ற ராக் குழுவின் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவர். போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டின் அடித்தளத்தில் பாட்டுகளைப் பதிவு செய்துவந்தார். 1976-ல் வந்த முதல் ஆல்பம் அதிலிருந்து பிறந்ததுதான். மூன்றாமவர் லியோ ஃபெண்டர். கணக்கியல் படித்து, எலெக்ட்ரானிக்ஸைத் தானாகக் கற்று, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். டெலிகாஸ்டர் கிடாரும், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரும் அவர் கடையிலிருந்து வளர்ந்த நிறுவனத்தில்தான் பிறந்தன. அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது!

எல்லாரும் இப்படி ஆகிவிடுவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கிடாரைச் சுற்றி எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் மகனை இழுப்பது எது என்று கவனியுங்கள். மேடையா, பாட்டு கட்டுவதா, ரெக்கார்டிங்கா, இல்லை கிடாரின் பின்பக்க மூடியைத் திறந்து பார்க்கிற ஆசையா? அந்த மூடிக்குள் இருப்பது அவன் பிசிக்ஸ் புத்தகம்தான். பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகளும். மேலே எஃகு ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின் இடைவெளி 2-ன் பன்னிரண்டாம் மூலத்தில் அமைந்தது. 648 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரிங்கில் கழுத்தின் தலைப்பக்க முனையிலிருந்து முதல் ஃப்ரெட் சுமார் 36.4 மில்லிமீட்டரில் விழும், பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில் 324-ல் விழும். ஒரு நாள் ஸ்கேலை எடுத்து அவனோடு உட்கார்ந்து அளந்துதான் பாருங்களேன்.

சரி, இனி உன்னோடு, தம்பி.

வாசிப்பதற்கு முன்னால் கிடாரைச் சரிபார். ஒவ்வொரு நாளும் ட்யூன் செய்த பிறகுதான் முதல் ஸ்ட்ரோக். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பார். எலெக்ட்ரிக் கிடாரில் 2 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் அல்லது அதற்கும் கீழே இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். மூன்று, நான்கு என்று எழும்பி நின்றால் உன் விரல் வீணாக மல்லுக்கட்டுகிறது, நீயோ உனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறாய். தெரிந்தவரிடம் கொடுத்து ஒருமுறை செட்டப் செய்துகொள், அதாவது இந்த உயரத்தையெல்லாம் சரிசெய்துகொள். ஒலியை மாற்றுகிற புதிய பெடல் வாங்கும் முன் செய்ய வேண்டிய செலவு இது.

அடுத்து, ஆம்பில் (கிடாரின் ஒலிபெருக்கியில்) ஒலியைக் கரகரப்பாக்குகிற கெயினைக் குறை. அந்தக் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன், கூடக்கூட ஒலி தடிக்கும், நீளும். ஒரு ஸ்வரம் பலமாகவும் அடுத்தது பலவீனமாகவும் விழுவது அதற்குள் மறைந்துவிடும். சுத்தமான டோனில் பயிற்சி செய்தால் ஸ்ட்ரிங்கைத் தட்டுகிற சின்னத் தகடான பிக்கின் ஒவ்வொரு அடியும் அப்பட்டமாகக் கேட்கும். கை ஒழுங்கானதும் கெயினைக் கூட்டி வேறொன்றைச் சோதித்துப் பார்: நீ தொடாத ஸ்ட்ரிங்குகள் இரைகின்றனவா? எலெக்ட்ரிக் கிடாரில் பாதி வித்தை, வேண்டாத ஸ்ட்ரிங்கை வாயடைப்பதில் இருக்கிறது. மெல்லிய ஸ்ட்ரிங்குகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் லேசாகத் தொட்டு அடக்க வேண்டும். தடித்த ஸ்ட்ரிங்குகளை வலது உள்ளங்கையின் ஓரம் பார்த்துக்கொள்ளும். வீடியோவில் இதை யாரும் காட்டாமலே போய்விடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது பழகிப்போன காரியம்.

இப்போது பெண்ட், அதாவது ஸ்ட்ரிங்கை அழுத்தியபடி பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை உயர்த்துவது. தானாகக் கற்றவரை இரண்டு நொடியில் காட்டிக்கொடுப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மெல்லியதிலிருந்து எண்ணி மூன்றாவது ஸ்ட்ரிங்கின் ஏழாவது ஃப்ரெட்டில் மோதிர விரலை வை. இது டி (D) ஸ்வரம். நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே ஸ்ட்ரிங்கில் பின்னால் துணைக்கு வை. மூன்று விரலும் சேர்ந்து, மணிக்கட்டைத் திருப்பி, ஸ்ட்ரிங்கை மேலே தள்ளு. நீ போய்ச் சேர வேண்டிய ஸ்வரம் ஈ (E). அதே ஈ, முதல் ஸ்ட்ரிங்கை எங்கேயும் அழுத்தாமல் தட்டினாலே ஒலிக்கும், 329.6 ஹெர்ட்ஸ். முதல் ஸ்ட்ரிங்கை ஒலிக்கவிட்டுக்கொண்டே மூன்றாவதைத் தள்ளு. கிட்டத்தட்ட சேரும்போது இரண்டு ஒலிக்கும் நடுவே ‘வௌவௌ’ என்று ஓர் அலை கேட்கும். ஐந்து ஹெர்ட்ஸ் குறைவாக நின்றால் நொடிக்கு ஐந்து அலை. இன்னும் தள்ளத் தள்ள அலை மெதுவாகும், ஈயைத் தொட்டதும் அடங்கிவிடும். அந்த இடத்தில் விரலுக்கு எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள். பிறகு முதல் ஸ்ட்ரிங்கைத் தட்டாமல், ஈயை மனசுக்குள் பாடிக்கொண்டு, அதே இடத்துக்குப் போ. போன பிறகு முதல் ஸ்ட்ரிங்கைத் தட்டிச் சரிபார். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இதைச் செய்தால் சில வாரங்களில் உன் சோலோ வேறொருவர் வாசிப்பதுபோல் கேட்கும்.

சீராகத் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் விஷயம். வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், எந்த எண்ணில் உடைகிறது என்று பார். நிமிடத்துக்கு 100 தட்டில் சுத்தமாக வருவது 108-ல் கலைகிறதா? கலைகிற இடத்தில் இரண்டே ஸ்வரங்களைப் பிரித்து எடு. பெரும்பாலும் பிக் ஒரு ஸ்ட்ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுகிற இடமாக இருக்கும், அல்லது சுண்டுவிரல் தேவைக்கு மேல் உயரத் தூக்கியிருக்கும். அந்த இரண்டு ஸ்வரத்தை 60-க்கு இறக்கிச் சரிசெய்துவிட்டுத் திரும்ப ஏறு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் அடிப்பதைவிட தினமும் அரைமணி நேரம் மேல். கைப்பழக்கம் தூக்கத்திலும் படிகிறது, இடையில் இரவுகள் வேண்டும்.

எந்த ஸ்ட்ரிங்கில் எந்த ஃப்ரெட் என்று எண்களால் எழுதிய டேப் பார்த்து வாசிப்பதில் தப்பில்லை. ஆனால் எங்கே விரல் வைப்பது என்று சொல்கிற டேப், எவ்வளவு நேரம் வைப்பது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. தாளம் காதில்தான் ஏற வேண்டும். அதனால் வாரத்துக்கு ஒரு சின்னத் துணுக்கையாவது டேப் இல்லாமல் கேட்டுப் பிடி. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கிற செயலிகள் இருக்கின்றன. முதலில் வாயால் பாடு, பாட வந்த பிறகு ஃப்ரெட்போர்டில் தேடு. ஆறாவது, ஐந்தாவது ஸ்ட்ரிங்குகளில் எந்த ஃப்ரெட்டில் என்ன ஸ்வரம் என்று மனப்பாடமாக்கிவிடு. பவர் கார்டு, பார் கார்டு என்கிற ஸ்வரக் கூட்டுகள் அங்கிருந்துதான் பெயர் வாங்குகின்றன. வாரக் கடைசியில் போனில் பதிவு செய்து, மறுநாள் கேள். வாசிக்கும்போது காது கையோடு ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும், மறுநாள் உள்ளதைச் சொல்லும்.

விரல் நுனி எரிந்தால் பயப்படாதே, சில வாரத்தில் காய்த்துவிடும். மணிக்கட்டில் வலி, முழங்கைவரை இழுப்பு, விரல் மரத்துப்போவது என்றால் அன்றைக்கு நிறுத்திவிடு. குறையாவிட்டால் அப்பா அம்மாவிடம் சொல்லி டாக்டரைப் பார். வலியோடு வாசிப்பதில் வீரம் எதுவும் இல்லை. ஹெட்ஃபோன் விஷயமும் அப்படித்தான். வேலையிட ஒலிக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நயோஷ் வைத்திருக்கும் பரிந்துரை அளவு, நாளைக்கு 8 மணி நேரம் 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். காது போனால் திரும்பாது, தம்பி.

தொழில் பற்றி இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மேடையில் வாசித்து மட்டும் வாழ்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கும் வருமானம் மாதாமாதம் ஒரே சீராக வருவதில்லை. வாசிப்பது, கற்றுக்கொடுப்பது, ரெக்கார்டிங் என்று இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துத்தான் பலரும் குடும்பம் நடத்துகிறார்கள். சவுண்ட் எஞ்சினியரிங், கிடார் செய்வதும் பழுதுபார்ப்பதும், ஆம்ப்-பெடல் எலெக்ட்ரானிக்ஸ், கேம்களுக்கு இசையும் ஒலியும், இசை சிகிச்சை ஆகியவையும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குக் கணிதமும் பிசிக்ஸும் கை கொடுக்கும், அதனால் இப்போதைக்கு அந்தப் பாடங்களை விட வேண்டாம். தானாகக் கற்றவருக்கு வெளியார் மதிப்பீடு வேண்டுமென்றால் ட்ரினிட்டியின் ராக் அண்ட் பாப், ராக்ஸ்கூல் போன்ற தேர்வுகள் கிரேடு எட்டுவரை நடக்கின்றன. எலெக்ட்ரிக் கிடாருக்கே பாடத்திட்டம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1945-ல் தொடங்கிய பெர்க்லி மாதிரி இசைக் கல்லூரிக்கு ஆசை என்றால் வாசித்துக் காட்டித்தான் நுழைய வேண்டும். அதற்கு முன் ஒரு டிரம்மரோடும் பேஸ் வாசிப்பவரோடும் சேர்ந்து வாசித்த அனுபவம் வேண்டும். அறைக்குள் தனியாக வந்த தாளம் இன்னொருவர் எதிரில் நிற்குமா என்பது அப்போதுதான் தெரியும். அந்தச் சோதனைக்கு முன் தொழில் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள், ஆம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. பள்ளி நாட்களில் தினமும் அரைமணி நேரம், பரீட்சை வாரத்திலும் பத்து நிமிடமாவது. அடியோடு நிறுத்தினால் மனம் அங்கேயே கிடக்கும், பாடமும் ஏறாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல கிடார் ஆசிரியர் ஒருவரிடம் ஒரே ஒரு வகுப்புக்கு அனுப்புங்கள். போகும்போது தம்பி பதிவுகளையும் கேள்விகளையும் எழுதி எடுத்துப் போகட்டும். முதல் வகுப்பில் கேட்க வேண்டியவை: பிக்கை நான் பிடிக்கிற விதம் சரியா, கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் எங்கே இருக்க வேண்டும், என் வாசிப்பில் உடனே திருத்த வேண்டிய ஒன்று எது.