வேகப் பள்ளியில் முதல் பாடம் பிரேக்

ரேஸ் டிராக்கில் நடக்கும் டிரைவிங் பயிற்சியைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரிதான் எழுதினேன். பழைய வடாற்காடு முழுவதிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். வாரா வாரம் சென்னைக்குப் போய் வருகிறேன். ஆபீஸ் நண்பர்கள் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். காசு கொடுத்துப் போகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?
வாசகர், காட்பாடி

கட்டாயம் போங்கள். வாரா வாரம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வாலாஜா, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம் பைபாஸ், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், அடுத்து இருங்காட்டுக்கோட்டை. வேலூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான இந்த டிராக் 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் சோழவரம் ரேஸ் என்று சொல்லிப் பாருங்கள், சிலருக்காவது முகம் மலரும். இன்றைய டிராக் 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள்.

ஆனால் காலையில் போனதும் உங்களை லேப் (டிராக்கில் ஒரு முழுச் சுற்று) அடிக்க விட்டுவிட மாட்டார்கள். முதலில் வகுப்பு. மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, ஓவர்டேக் கூடாது. சிவப்பு காட்டினால் வேகத்தைக் குறைத்து, வண்டிகள் நிற்கும் இடமான பிட்டுக்குத் திரும்பு. நீலம் காட்டினால் பின்னால் வேகமான வண்டி வருகிறது என்று கொடிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்புறம் சீட். நம்மில் பெரும்பாலானோர் சீட்டை ஒன்று ஸ்டீயரிங்கோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிறோம், இல்லை சாய்வு நாற்காலி மாதிரி சரித்துப் போட்டுக்கொள்கிறோம். முதுகு சீட்டை விட்டு நகராமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும், பிரேக்கை முழுக்க அழுத்திய பிறகும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். இதை மட்டும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தாலும் உங்கள் வாராந்திரப் பயணத்துக்கு லாபம்தான்.

அடுத்தது பிரேக். என்னைக் கேட்டால் மொத்தப் பயிற்சியும் இதற்காகத்தான் என்பேன். நேரான பகுதியில் ஒரு கோன் வைத்திருப்பார்கள், சொன்ன வேகத்தில் வந்து அந்தக் கோன் வந்ததும் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். எட்டு வருஷம், பத்து வருஷம் ஓட்டியவர்கள்கூட முதல் தடவை மிதிக்க மாட்டார்கள், அழுத்துவார்கள். இன்னும் பலமாக என்று பக்கத்து சீட்டிலிருந்து இன்ஸ்ட்ரக்டர் குரல் கொடுப்பார். ஒருவழியாக மிதித்ததும், சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி காக்கும் ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பிக்கும், பெடல் காலடியில் படபடவென்று அதிரும், கீழேயிருந்து கறகறவென்று சத்தம் வரும், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து சட்டென்று காலை எடுத்துவிடுவார்கள். ரோட்டில் விபத்து நடக்கிற அந்த ஒரு நொடியிலும் இதேதான் நடக்கிறது. வண்டியில் ஏபிஎஸ் இருந்தும், அது அதிர்ந்ததும் கால் தளர்கிறது, தேவையான பத்து மீட்டர் கிடைக்காமல் போகிறது. டிராக்கில் திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த அதிர்வு பழகிவிடும், கால் எடுக்காது, பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கோனைத் தவிர்க்கவும் வந்துவிடும். ஏபிஎஸ் இருப்பதே அதற்காகத்தான், சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டால் வண்டி திரும்பாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்றால் அந்த 28 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு உலர்ந்த நல்ல ரோட்டில், நல்ல டயரில், முழு பிரேக்கில் நிற்க இன்னும் 50 மீட்டர் வேண்டும். மொத்தம் முக்கால்வாசி ஃபுட்பால் மைதானம். 50 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 27 மீட்டருக்குள் முடிந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. படித்தால் மறந்துபோகும். கோனைத் தாண்டிப் போய் நின்று, இறங்கி வந்து அந்த இடைவெளியை நடந்து பார்த்தவர்களுக்கு மறக்காது.

என் மகன் 390 சிசி பைக் வைத்திருக்கிறான். ரேஸ் டிராக்கில் பயிற்சிக்குப் போக அனுமதி கேட்கிறான். அங்கே போய் வந்தால் வேக வெறி இன்னும் அதிகமாகிவிடாதா?
வாசகி, சத்துவாச்சாரி

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இருந்தாலும் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன்.

அவனுக்கு வேகம் பிடிக்கும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம், அதை அவன் எங்கே தீர்த்துக்கொள்கிறான் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. கிரீன் சர்க்கிளிலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும் ஹைவேயில் ராத்திரி பையன்கள் ஓட்டுவதைப் பார்க்கிறோம். அங்கே சென்டர் மீடியன் இடைவெளியில் ஆள் குறுக்கே வருவார், தோல் மூட்டை ஏற்றிய லாரி பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும், நாய் ஓடும். டிராக்கில் எதிரே வண்டி வராது, விழுந்தால் சறுக்கிப் போகத் திறந்த வெளி இருக்கிறது, ஒவ்வொரு வளைவையும் மார்ஷல்கள் என்கிற பாதுகாப்பு ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். இந்த வித்தியாசத்தை ஒரு தடவை அனுபவித்த பையனுக்கு ஹைவேயில் முறுக்குகிற ஆசை குறைவதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். எல்லோரும் மாறுவார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதனால் போவதற்கு முன்பே ரோட்டில் போட்டி கிடையாது என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பொது ரோட்டில் அனுமதியில்லாமல் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

பைக் பயிற்சியில் பெரும்பகுதி கண்ணைப் பற்றியதுதான். பார்வை எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில்தான் இறங்குவான். வளைவு முடியும் இடத்தைத் தேடிப் பார்க்க அங்கே பழக்குவார்கள். பைக் ஓட்டக் கற்றுத்தரும் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்கூட இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது.

உடைக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். முழு முகம் மூடும் ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், அசல் தோலில் தைத்த சூட் வேண்டும். ஜீன்ஸ் தார் ரோட்டில் நொடியில் கிழிந்துவிடும். தோல் எவ்வளவு தாங்கும் என்பதை ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சூட் வாடகைக்குக் கிடைக்குமா என்று பயிற்சி நடத்துபவர்களிடமே கேளுங்கள்.

ஸ்டீயரிங்கில் கை பத்து மணி, இரண்டு மணி இடத்தில் இருக்க வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொன்னார்கள். சரியா?
வாசகர், ஆற்காடு

அது பழைய வழக்கம். ஒன்பது மணி, மூன்று மணி இடத்தில் பிடியுங்கள். சட்டென்று இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்ப முடியும், ஏர்பேக் வெடித்தாலும் கை முகத்தில் வந்து மோதாது.

என் சொந்தக் காரிலேயே டிராக் பயிற்சிக்குப் போகலாமா? வண்டிக்குக் கெடுதல் வருமா? இன்சூரன்ஸ் இருக்கிறது.
வாசகர், ஆம்பூர்

இன்சூரன்ஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பாலிசியில் வண்டியைப் பயன்படுத்த விதித்திருக்கும் வரம்புகளைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று இருக்கும். அதாவது டிராக்கில் அடிபட்டால் செலவு உங்களுடையது என்று நினைத்துத்தான் போக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, முதல் தடவை பள்ளியே கார் தருகிற பயிற்சியில் சேர்வது நல்லது. கட்டணம் கூடத்தான் இருக்கும். சேதமானால் நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சொந்தக் கார்தான் என்றால், பிரேக் ஆயிலில் தொடங்குங்கள். பலர் இஞ்சின் ஆயிலைப் பார்ப்பார்கள், இதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதுவே 155 டிகிரி. டிராக்கில் வேகமாக வந்து ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் அடிக்கும்போது அந்தச் சூடு ஆயிலுக்கும் போகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடலை மிதித்தால் குமிழ் நசுங்குமே தவிர பிரேக் பிடிக்காது, பெடல் தரை வரைக்கும் போய்விடும். அதனால் போவதற்கு முன் ஆயிலை மாற்றிவிடுங்கள். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. மேல் வரிப் பள்ளங்கள் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரோடு போகாதீர்கள், நம் ஊர் வெயிலில் ரப்பர் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே போகும். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், ஓடிய பிறகு எண் கூடத்தான் காட்டும். காருக்குள் தண்ணீர் பாட்டில், கால் மிதியடி, டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் உட்பட எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லேப் முடிந்ததும் உடனே நிறுத்தாமல் ஒரு சுற்று மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒரு விஷயம் மறந்துவிட்டேன்: உயரமான எஸ்யூவிகளைச் சில இடங்களில் அனுமதிப்பதில்லை, புக் பண்ணும்போதே கேளுங்கள்.

டிராக்கில் சொல்லிக்கொடுக்கிற லைன், ஏலகிரி மலைப்பாதைக்கு உதவுமா?
வாசகர், ஜோலார்பேட்டை

லைன் உதவாது. உதவும் என்று நினைப்பதே ஆபத்து.

டிராக்கில் வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து வந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே போவார்கள். வளைவு அப்படி நீளமாகிறது, வேகமாகப் போக முடிகிறது. அதற்கு மொத்த ரோடும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே டவுன் பஸ் வரும், பைக்கில் குடும்பமே வரும். உங்கள் பாதியை விட்டு ஒரு அடிகூட நகரக் கூடாது. அந்த வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், நிதானமாக ஓட்டினால் பலகையைப் படித்துக்கொண்டே ஏறலாம்.

மற்ற பாடங்கள் அத்தனையும் உதவும். டயருக்கு இருக்கிற பிடிப்பு ஓர் அளவுதான், பிரேக்குக்கும் திருப்புவதற்கும் அதையே பங்கு போட வேண்டும். அதனால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்கு நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகும், ஈர ரோட்டில் வால் சுற்றிவிடும். முன்பக்கம் திரும்பாமல் வெளியே இழுத்துக்கொண்டு போனால் ஸ்டீயரிங்கை இன்னும் இன்னும் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் கொஞ்சம் தளர்த்தினால் டயர் மறுபடி பிடிக்கும். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள், இஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடாகாது.

பெண்கள் சேரலாமா? கூச்சமாக இருக்கிறது.
வாசகி, ராணிப்பேட்டை

தாராளமாக. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டியவர். தயங்காமல் முதல் வரிசையில் உட்காருங்கள்.

எனக்கு 15 வயது. ரேஸ் டிரைவர் ஆக வேண்டும். வீட்டில் யாருக்கும் இதைப் பற்றித் தெரியாது. எங்கே தொடங்குவது?
மாணவர், குடியாத்தம்

தம்பி, கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 1992-ல் பிரான்ஸில் ஒரு ரேசிங் பள்ளிக்குப் போனபோது அவருக்கும் உன் வயதுதான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆனால் அவர் அப்பாவே ராலி சாம்பியன், வழி தெரிந்த வீடு. உனக்கு அது இல்லை என்பதால் வழியை நீயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் காரை எடுக்காதே. 18 வயதாகாமல் ரோட்டில் கார் ஓட்டினால் வழக்கு அப்பா மேல் வரும், 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. உன் வயதுக்கு கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டிதான் சரி. ரோட்டு லைசென்ஸ் தேவையில்லை, பிரேக், லைன், பார்வை எல்லாம் அதிலேயே வந்துவிடும். சும்மா நாலு ரவுண்டு ஓட்டிவிட்டு வராமல் ஒவ்வொரு தடவையும் உன் லேப் நேரத்தை நோட்டில் எழுதி வை. நேரம் குறைந்துகொண்டே வந்தால், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் லைசென்ஸ் வாங்கிப் போட்டிகளுக்குப் போகலாம்.

இது பணம் விழுங்கும் விளையாட்டு, அதை மறைத்துச் சொன்னால் உனக்குத்தான் நஷ்டம். ஓட்டுநராக முடியாவிட்டாலும் உள்ளே நுழைய வேறு கதவுகள் இருக்கின்றன. வேலூர் விஐடி மாணவர்கள், கல்லூரி மாணவர்களுக்கான ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்குக் கார் கட்டுகிறார்கள். பந்தய டயர் செய்யும் எம்ஆர்எஃப்புக்கு நம் அரக்கோணம் பக்கத்திலேயே தொழிற்சாலை இருக்கிறது. கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிடாதே, இரண்டு வழிக்கும் அது வேண்டும். அடுத்த தேசியப் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில் எப்போது என்று பார்த்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. வளைவுக்கு முன்னால் எந்த இடத்தில் யார் பிரேக் அடிக்கிறார்கள் என்று மட்டும் கவனி. வந்து எனக்கு எழுது.