மக்களை மதத்தால் பிரிக்கும் அரசியலுக்கு எதிராக, சிறுபான்மையினர் பிறர் ஏற்கும்படி வாதிடுவது எப்படி?

நான் ஆம்பூரைச் சேர்ந்த முஸ்லிம். பள்ளியில் வரலாற்று ஆசிரியராக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நாள்தோறும் நாற்பது பேர் முன்னால் நின்று பேசிப் பழகிய எனக்கு, இந்தக் கேள்வியில் கேட்கப்பட்டிருக்கும் வாதம் எளிதாகவே கைவரும் என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை உடைந்தது 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு தேநீர்க் கடையின் பெஞ்சில்.

அந்த ஆண்டு மே 23ஆம் தேதி மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர், அதை இறைச்சிக்காக விற்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. இடைப்பட்ட வாரங்களில், தோலை நம்பி வாழும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வேறு பேச்சே இல்லை. ஆறாம் வகுப்பு முதல் என்னோடு படித்தவர், பாலாற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவர், மாட்டைக் கும்பிடுகிற நாட்டில் இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன தவறு என்று கேட்டார். நான் அரசியலமைப்பில் தொடங்கி, விடுதலைப் போரில் முஸ்லிம்கள் செய்த தியாகம் வரை கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "உங்காளுங்க டேனரித் தண்ணியில என் கெணறு செத்துப்போச்சு. அன்னிக்கு இந்தப் பேச்செல்லாம் எங்க இருந்துச்சு வாத்தியாரே?" என்று கேட்டார். இருவர் தேநீருக்கும் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்காளுங்க" என்ற அந்த ஒரு சொல் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஐம்பது ஆண்டு நட்புக்குள்ளும் மதவெறி புகுந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிப் புலம்பினேன். மூன்றாம் நாள்தான், அவர் சொன்னதில் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் மீதி முழுவதும் உண்மை என்று உறைத்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு எங்கள் மாவட்டத்தைப் பற்றியது. தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாறு கெட்டதையும், இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவுக்கோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதையும் அது பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் ஒன்று அது. பிளாசிப் போரை ஆண்டுதோறும் நடத்திய நான், பக்கத்து வயலைப் பற்றிய இந்தத் தீர்ப்பை ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நிலத்துக்குப் போனேன். கிணற்றின் உள்சுவரில், தண்ணீர் இறங்கிய அளவுக்குக் கல் முழுவதும் சுண்ணாம்பு பூசியதைப் போல உப்புப் படிந்திருந்தது. தென்னை மரங்கள் உயரமாக நின்றன. தலையில் மட்டைகள் மட்டும் எண்ணிவிடலாம் போல இருந்தன. அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு, "வாயில ஊத்திப் பாரு" என்றார். உப்பும் கசப்புமாக நாக்கில் ஒட்டியது. துப்ப வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருடைய கிணற்றுத் தண்ணீரைத் துப்ப எனக்கு மனம் வரவில்லை. விழுங்கிவிட்டு, "நீ சொன்னது சரி. நாங்க அன்னிக்கே பேசியிருக்கணும்" என்றேன்.

அதற்குப் பிறகு மாட்டைப் பற்றி நான் பேசவே இல்லை, அவர்தான் பேசினார். போன ஆண்டு உழவுக்கு உதவாமல் போன எருதைப் பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்ற கதையைச் சொன்னார். "கெழட்டு மாட்டக் கட்டிவச்சுத் தீனி போட்டா, கன்னுக்குட்டிக்கு எதைப் போடுறது?" என்றார். பிறகு, மருமகள் காலையில் கம்பெனி பேருந்தில் ஏறி ஷூ தைக்கப் போவதையும், தோல் வராவிட்டால் அந்தப் பேருந்தும் வராது என்பதையும் அவராகவே கோத்தார். ஒரு வாரத்துக்கு முன் அந்த விதி எங்கள்மீது மட்டும் விழுந்த அடி என்று அவர் எண்ணியிருந்தார். நானும் அப்படியே எண்ணித்தான் வாதிட்டேன். அது அவருடைய தொழுவத்துக்குள்ளும் நுழைந்த விதி என்பதை என் வாயால் கேட்டிருந்தால் அவர் ஏற்றிருக்க மாட்டார்.

என் பதிலின் மையம் இதுதான். மக்களைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் புண்ணைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கிற புண்ணின்மீது ஒரு மதத்தின் பெயரை எழுதி ஒட்டுகிறார்கள். பெயர் தவறு என்ற கோபத்தில் நாம் புண்ணையும் சேர்த்து மறுக்கும்போது, வலியோடு இருப்பவர் தன் வலியை ஒப்புக்கொள்கிற ஒரே ஆளாக அந்த அரசியல்வாதியையே காண்கிறார். ஆகவே குற்றச்சாட்டு வந்தவுடன் அதில் உண்மை எவ்வளவு, ஒட்டப்பட்டது எவ்வளவு என்று முதலில் நமக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும். உண்மையை முதலில், நிபந்தனை இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் என்றால் பொய் என்று சொல்லலாம், அதில் தயக்கம் வேண்டாம். 2020 ஏப்ரலில் கொரோனாவை முஸ்லிம்கள் பரப்புகிறார்கள் என்று வந்த காணொளிகளில் ஒப்புக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அவற்றை அனுப்பியவர்களைத் தனியே தொலைபேசியில் அழைத்து, யார் எடுத்தது, எந்த ஊர் என்று மட்டும் கேட்டேன். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் திருத்தியிருந்தால் ஒருவர்கூட அதை நீக்கியிருக்க மாட்டார்.

தியாகிகளின் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மேடைகளில் அதுதான் அதிகம். நாட்டுக்காக எங்களவர் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்லத் தொடங்கும் கணத்திலேயே, நாம் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று நற்சான்றிதழ் நீட்டுகிறோம். குடியுரிமைக்குச் சான்றிதழ் தேவையில்லை. வேலூர்க் கோட்டையில் 1806ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியை நானும் பலமுறை அப்படித்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது வேறு விதமாகச் சொல்கிறேன். 1805 நவம்பரில் வந்த ஆணை, இந்துச் சிப்பாய் நெற்றியில் குறி இடக்கூடாது என்றது. முஸ்லிம் சிப்பாய் தாடியை மழிக்க வேண்டும் என்றது. எல்லோரும் தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்றது. மறுத்தவர்களில் சவுக்கடி வாங்கிய இருவரில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். அடுத்தவர் தாடியில் கைவைக்கிற அதிகாரம் என் நெற்றியிலும் கைவைக்கும் என்பதை அந்தச் சிப்பாய்கள் ஒரே ஆணையில் கண்டார்கள். இதைச் சொல்லும்போது கேட்பவர் தன்னையும் அந்தக் கதைக்குள் பார்க்கிறார். பட்டியலை வாசிக்கும்போது அவர் வெறும் பார்வையாளர்.

இதே காரணத்தால்தான், சிறுபான்மையினருக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை என்று கேட்கிறவரிடம் நான் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவை வரிவிடாமல் படித்துக் காட்டுகிறேன். கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அது மதச் சிறுபான்மையினருக்கு மட்டும் தரவில்லை. மொழிச் சிறுபான்மையினருக்கும் தருகிறது. எங்கள் பகுதியில் பிள்ளைகளைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பாத குடும்பம் அரிது. உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் இந்தக் கேள்வியை எழுப்பியபோது, அவருடைய தம்பி குடும்பம் 1991 டிசம்பரில், காவிரிப் பிரச்சினையை ஒட்டித் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்களில், உடுத்திய துணியோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கியதை நினைவூட்டினேன். அங்கே அவர்கள் எந்த மதத்தினர் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள், அவ்வளவுதான். தம்பியின் பிள்ளைகள் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் படிக்க விரும்பினால் அவர்களுக்குக் காவலாக நிற்பதும் இதே 30ஆம் பிரிவுதான். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். சிறுபான்மை என்பது பிறவிக் குணமன்று, ரயில் ஏறினால் யாருக்கும் வந்துவிடுகிற நிலை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இவை அனைத்தும் பலிக்க வேண்டுமானால், நம் பக்கத்துப் பிரிவினைப் பேச்சையும் நாமே எதிர்த்திருக்க வேண்டும். 2015 ஜூன் இறுதியில் எங்கள் ஊரில், காவல் விசாரணைக்கு உள்ளான ஓர் இளைஞர் இறந்ததற்கு நீதி கேட்டுத் திரண்ட கூட்டம் கல்வீச்சிலும் தீவைப்பிலும் முடிந்தது. கோரிக்கை நியாயமானது, எரிந்த வாகனங்களோடு அந்த நியாயமும் எரிந்தது. அன்று ஜமாஅத்தில் அதைச் சொன்னவர்கள் சிலரே. நான் சொல்லத் தாமதித்தவர்களில் ஒருவன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதத்தை மட்டுமன்றி வாக்காளரின் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் தேர்தல் முறைகேடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. முஸ்லிம் என்பதற்காக எனக்கு வாக்களியுங்கள் என்று எங்கள் தெருவில் கேட்பவரையும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். அவரை நாம் தட்டிக் கேட்காமல், அடுத்த தெருவில் இந்து என்று வாக்குக் கேட்பவரைக் கண்டித்தால் யார் செவி சாய்ப்பார்கள்?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, "எப்பவும் நாமளே ஏன் சார் பொறுமையா விளக்கிக்கிட்டு இருக்கணும்?" என்று கேட்டாள். கட்டாயம் இல்லை அம்மா, என்றுதான் சொன்னேன். மிரட்டுகிறவனிடமும் வெறுப்பைத் தொழிலாகக் கொண்டவனிடமும் வாதம் செய்ய வேண்டியதில்லை. அங்கே காவல் நிலையமும் நீதிமன்றமும்தான் வழி. இந்தச் சுமை நியாயமாகப் பங்கிடப்பட்டதும் அன்று. நான் சொல்வதெல்லாம், இன்னும் நம்மோடு தேநீர் குடிக்க வருகிறவர்களைப் பற்றி மட்டுமே. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்களைத்தான் நாம் அவசரத்தில் இழக்கிறோம்.

அந்த ஆண்டின் இறுதியில் நண்பரின் கிணற்றுக்கும் அக்கம்பக்கத்து ஏழு கிணறுகளுக்குமாக நான் ஒரு மனு எழுதினேன். எங்கள் பள்ளிவாசலில் கையெழுத்துக் கேட்டபோது நான்கு பேர் போட்டார்கள். தோல் வியாபாரியான என் உறவினர் ஒருவர் மறுத்ததோடு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்போது ஆம்பூரும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் இருவரும் வரிசையில் நின்றோம். பின்னால் நின்ற ஒருவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, பாய்க்கு இதில் என்ன வேலை என்று நண்பரிடம் கேட்டார். "மனு எழுதினவரே அவர்தான்" என்று சொல்லிவிட்டு, நண்பர் என்னை வரிசையில் தனக்கு முன்னால் நகர்த்தி நிறுத்தினார்.