தொந்தரவு இல்லாத வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி எதற்கு?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு சில ஆண்டுகள் கடந்த வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, இரைப்பை – குடல் மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 44. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 112 கிலோ எடையோடு ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது 74 கிலோ. சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளச் சொல்கிறார். “நன்றாக இருக்கிற வயிற்றில் எதற்குக் குழாயை விட வேண்டும்?” என்று என் மாமியார் கேட்கிறார். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.
– மதுரை வாசகி

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை மருத்துவர்களே கேட்டுக்கொண்டிருந்தோம். நெஞ்செரிச்சலோ வாந்தியோ இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அப்போதைய வழக்கம். அந்த எண்ணம் ஏன் மாறியது என்பதைப் புரிந்துகொள்ள, உங்கள் வயிற்றில் செய்யப்பட்ட மாற்றத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழத்தைப் போன்ற ஒரு குறுகிய குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பழைய இரைப்பை பை போல விரிந்து கொடுத்து உணவை ஏந்திக்கொண்டது. இந்தக் குழாயால் அப்படி விரிய முடியாது. கீழே சிறுகுடலுக்குச் செல்லும் வாயில் முன்போலவே இறுக்கமாக இருக்க, மேலே உணவுக்குழாயோடு சேரும் இடத்தைத் தாங்கியிருந்த தசைநார்கள் சிலருக்கு அறுவையின்போது தளர்ந்துவிடுவதால், குழாய்க்குள் கூடும் அழுத்தம் அமிலத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அமிலம் ஆண்டுக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள வெளிறிய உட்படலம் மறைந்து, குடலின் உட்படலத்தை ஒத்த சிவந்த படலம் அங்கே வளரத் தொடங்கலாம். 1950இல் இதைப் பற்றி எழுதிய அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டின் பெயரால் இதைப் ‘பாரெட் உணவுக்குழாய்’ என்கிறோம். மிகச் சிலருக்கு இது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதே எங்கள் கவலை.

ஸ்லீவ் செய்து மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த மாற்றம் தென்பட்டது. ஆசிய மக்களிடையே பாரெட் பொதுவாகக் குறைவு என்பதால் நம் ஊரில் அந்த அளவுக்கு இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வுகளில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த செய்தி வேறு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களிடம் மட்டுமல்லாமல், எந்தத் தொல்லையும் இல்லை என்று சொன்னவர்களிடமும் இந்த மாற்றம் காணப்பட்டது. மாறிப்போன படலத்துக்கு அமிலத்தின் எரிச்சல் முன்னளவுக்கு உறைப்பதில்லை. ஆகவே, முன்பு நெஞ்செரிச்சல் இருந்து, பிறகு தானாகவே அடங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்டு மகிழ்வதற்கு முன் உள்ளே பார்த்துவிடவே நான் விரும்புவேன்.

உடல்பருமன் அறுவை மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறுவை முடிந்து ஓராண்டில் ஒருமுறையும், ஸ்லீவ் செய்தவர்களும் ‘மினி பைபாஸ்’ எனப்படும் ஒற்றை இணைப்பு பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு ஒரே இடத்தில் இணைக்கும் முறை) செய்தவர்களும் அதன்பின் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. உங்கள் மருத்துவர் சொல்வது சரியே.

பாரெட் என்று அறிக்கையில் வந்துவிட்டால் அஞ்சிவிட வேண்டாம். திசுவில் புற்றுநோய்க்கு முந்தைய மாறுதல் ஏதும் இல்லாதவர்களில், ஆண்டுக்கு 1,000 பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே அது புற்றுநோயாகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் குறித்த இடைவெளியில் மறுபரிசோதனையும் பெரும்பாலானோருக்குப் போதும். முந்தைய மாறுதல் இருந்தால், அந்தப் படலத்தை எண்டோஸ்கோப்பி வழியாகவே சுட்டோ செதுக்கியோ அகற்ற முடியும். எதுக்களிப்பு மாத்திரைக்கும் அடங்காதவர்களுக்கு, ஸ்லீவை ‘ரூ’ முறை எனப்படும் வழக்கமான பைபாஸாக மாற்றும் வழியும் இருக்கிறது.

பரிசோதனைக்குச் செல்லும்போது அறுவை சிகிச்சைக் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். “வயிற்றில் ஆபரேஷன் செய்திருக்கிறேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு, கையில் ஒரு தாளும் இல்லாமல் வருகிறவர்கள் பலர். ஸ்லீவா, பைபாஸா என்பது குழாய் உள்ளே சென்ற பிறகுதான் எனக்கே தெரிகிறது. முன்கூட்டியே தெரிந்தால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும், எங்கே திசு எடுக்க வேண்டும் என்பதைத் திட்டமிட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசியை இப்போது எடுத்துக்கொள்பவராக இருந்தால், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், வெறும் வயிறு என்று நினைத்து மயக்கம் கொடுக்கும்போது உள்ளே உணவு தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: எண்டோஸ்கோப்பி குழாய் பட்டு உள்ளே போட்ட ஸ்டேப்ளர் தையல் பிரிந்துவிடாதா?
– திருவாரூர் வாசகர்

பதில்: பிரியாது. குழாயின் தடிமன் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அறுவை செய்த முதல் சில வாரங்களில் மட்டும், தேவை ஏற்பட்டால் மிகுந்த கவனத்தோடு செய்வோம். ஓராண்டு கழிந்தபின் அந்த இடம் முழுமையாக ஆறியிருக்கும்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் செய்துகொண்டேன். முழங்கால் வலிக்கு அவ்வப்போது கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். இரண்டு மாதமாகச் சாப்பிட்டதும் மேல்வயிற்றில் எரிகிறது. ஹீமோகுளோபின் 8.4 என்கிறார்கள். ஒரு வாரமாக மலம் கருப்பாகப் போகிறது.
– சேலம் வாசகர், வயது 51

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே, உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லும்படி உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கருப்பு மலம் உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கருக்கும் என்றாலும், இரத்தச்சோகையும் எரிச்சலும் சேர்ந்திருக்கும்போது அதை மாத்திரையின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது.

பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு இரைப்பைக்கும், ஓரளவுக்கு முன்சிறுகுடலுக்கும் இயற்கையிலேயே உண்டு. இணைக்கப்பட்ட அந்தச் சிறுகுடல் பகுதிக்கு அது கிடையாது. எனவே புண் வந்தால் பெரும்பாலும் இணைப்பின் குடல் பக்கத்தில்தான் வரும். அதைத் தூண்டுபவற்றில் முதலிடத்தில் இருப்பவை புகைபிடித்தலும், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளும்தான். இவற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் பாதிப்பு வரும். பைபாஸ் செய்தவர்கள் ஆயுள் முழுவதும் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை மருந்துக் கடைக்காரரிடமும் சொல்லிவைக்க வேண்டும். முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால் ஒத்துவரும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும், இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

எண்டோஸ்கோப்பியில் இந்தப் புண்ணைக் கண்ணால் காணலாம். கசிந்துகொண்டிருந்தால் அப்போதே கிளிப் போட்டு நிறுத்தலாம். அடியில் உறுத்திக்கொண்டிருக்கும் பழைய தையல் நூல் தெரிந்தால் வெட்டி எடுத்துவிடலாம். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் திசுவும் எடுக்கலாம். அமிலக் குறைப்பு மருந்தைச் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். சிறிய பையில் மருந்து அதிக நேரம் தங்குவதில்லை என்பதால், கேப்சூலைத் திறந்து உள்ளிருக்கும் துகள்களை எடுத்துக்கொண்டவர்களுக்குப் புண் விரைவாக ஆறியதாக ஆய்வு காட்டியிருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாமல், புண் ஆறியதை மீண்டும் ஒரு எண்டோஸ்கோப்பியில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பைபாஸில் ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய இரைப்பை உள்ளேயே இருக்கிறது. வழக்கமான குழாய் அங்கே எட்டாது. சிறு பையில் ஒன்றும் தெரியாமல் இரத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தால், பலூன் பொருத்திய நீண்ட எண்டோஸ்கோப் உள்ள மையத்துக்கு அனுப்ப வேண்டிவரும்.

கேள்வி: பைபாஸில் குறைந்த எடையில் பாதி திரும்பிவிட்டது. வீட்டில் எல்லோரும் என் வாயைத்தான் குறை சொல்கிறார்கள். எண்டோஸ்கோப்பியில் காரணம் தெரியுமா?
– கோவை வாசகி

பதில்: சில சமயம் தெரியும். இணைப்பின் வாய் நாளடைவில் அகன்று, உணவு தங்காமல் இறங்கிவிடுவது உண்டு. அரிதாக, சிறு பைக்கும் ஒதுக்கப்பட்ட இரைப்பைக்கும் இடையே மீண்டும் ஒரு வழி உண்டாகியிருக்கும். அகன்ற வாயை எண்டோஸ்கோப்பி வழியாகவே தையலிட்டுச் சுருக்க முடியும். உடலும் இழந்த எடையை மீட்கப் பசியைக் கூட்டியே தீரும். அது உங்கள் மன உறுதியின் குறைபாடு ஆகாது. வீட்டாரையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு பைபாஸ் ஆகி இரண்டு ஆண்டுகள். சாப்பிட்டபின் திடீரென்று வயிறு முறுக்கிப் பிடிக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது. எண்டோஸ்கோப்பி ‘நார்மல்’. இனிக் கவலை இல்லைதானே?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: கவலைப்பட வேண்டும். எண்டோஸ்கோப்பி உணவுப்பாதையின் உட்புறத்தை மட்டுமே காட்டும். பைபாஸின்போது குடலை இடம் மாற்றியதால் உண்டாகும் இடைவெளியில், எடை குறைந்து கொழுப்பு கரைந்தபின் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். இந்த உட்குடலிறக்கம் எண்டோஸ்கோப்பியில் தெரியாது. சி.டி. ஸ்கேனில் தெரியலாம். அதிலும் தெளிவாகத் தெரியாவிட்டால், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து பார்ப்பதே வழி. கர்ப்பமாக இருந்தால் இன்னும் அவசரம். அடுத்தமுறை வலி வந்து விடாமல் நீடித்தால், விடியும்வரை காத்திராமல் அறுவை மருத்துவர் உள்ள அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, பைபாஸ் செய்தவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்திருந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் (வைட்டமின் பி1) ஊசி போடும்படியும் கேளுங்கள்.