பன்னாடையும் கண்ணாடி இழையும்

கேள்வி: என் மகன் பல்கலைக்கழகத்தில் ஒளிச் சமிக்ஞைகளை வடிகட்டுவது பற்றி ஆராய்ச்சி செய்கிறான். இரண்டு வருடமாக ஒரு பெண்ணை விரும்புகிறான். அவளுடைய குறை எதுவுமே அவன் கண்ணில் படுவதில்லை. படித்த பிள்ளை இப்படி வடிகட்டிய முட்டாளாகலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: 'வடிகட்டிய' என்று எழுதிவிட்டீர்கள் அம்மா, நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். வடிப்பதில் இரண்டு விதம் உண்டு. நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது, நீரை விட்டுப் பாலை எடுக்கும் அன்னத்தை முதல் வரிசையில் வைக்கிறது. கடைசி வரிசையில் நெய்யரி. நெய்யரி என்றால் பன்னாடை, தென்னை மட்டையின் அடியில் துணிபோல் சுற்றிக்கொண்டிருக்குமே, அது. அதில் நெய்யை ஊற்றினால் நல்ல நெய்யெல்லாம் கீழே ஒழுகிவிடும். கசடுதான் அதற்கு மிச்சம்.

சரி, மகனின் வேலைக்கு வருவோம். கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4 போன்ற கடலடி வடங்களில், தலைமுடி பருமனுள்ள ஒரே கண்ணாடி இழைக்குள் பல அலைநீள ஒளிகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் அவற்றை அடுக்க முடியும். அந்த நெரிசலில் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பதுதான் வடிகட்டியின் வேலை.

1978இல் கனடாவில் கென்னத் ஹில்லும் கூட்டாளிகளும் ஓர் இழைக்குள் லேசர் ஒளியை விட்டுக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப் போக, மறுமுனைக்குப் போகும் ஒளி குறைந்தது; வந்த வழியே திரும்பும் ஒளி கூடியது. போன ஒளியும் திரும்பிய ஒளியும் உள்ளே சந்தித்து, கண்ணாடியின் ஒளிமுறிவுத் தன்மையை வரிவரியாக மாற்றியிருந்தன. தனக்கான வடிகட்டியை ஒளி தானே எழுதிவிட்டது! அந்த வரிகள் அந்த அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். மற்றவை அந்த வழியாகவே கடந்து போய்விடும். இரண்டு வருடம் ஒரே முகத்தைப் பார்த்த மனதிலும் இப்படி வரி விழாமல் இருக்குமா? எனக்கு அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை.

உங்களுக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். லண்டனில் ஆந்திரேயாஸ் பார்ட்டெல்ஸும் செமிர் செக்கியும் காதல்வயப்பட்ட 17 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் காதலரின் படத்தைக் காட்டி, 2000ஆம் ஆண்டு அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறகு தாய்மாருக்கு அவரவர் பிள்ளையின் படத்தைக் காட்டி, 2004இல் இன்னொரு கட்டுரை. பிறரை எடைபோடுவதோடு தொடர்புள்ள சில மூளைப் பகுதிகள் இரு சாராருக்கும் ஒரேபோல் அடங்கியிருந்தன. அவளுடைய குறை மகனுக்குத் தெரியவில்லை என்கிறீர்கள். மகனுடைய குறை உங்களுக்குத் தெரிகிறதா, அம்மா?

'மணமகள் தேவை' விளம்பரங்களை இந்த இதழில் போடுவதில்லை என்று முடிவெடுத்த நாளிலிருந்து எனக்கு வசவுக் கடிதம் வராத மாதமில்லை. வரட்டும். எந்த ஊர், என்ன சாதி, செவ்வாய்க் குற்றம் உண்டா, சீதனமாக வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு கிடைக்குமா என்று கேட்கும் அந்த நாலு வரி விளம்பரம்தான் அசல் பன்னாடை. ஒரு பெண்ணின் சிரிப்பு, கோபம், நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் மனம் எல்லாம் அதன் வழியே ஒழுகிப் போய்விடும். வீட்டு உறுதியும் சாதகக் கட்டும் மட்டும் மேலே தங்கும். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அவளிடம் குறை இருப்பதாகச் சொல்கிறீர்களே தவிர, அது என்னவென்று ஒரு சொல் இல்லை. எழுதி அனுப்புங்கள். சீதனக் குறை என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் உங்கள் மகன் பக்கம்.