நகையை அடகு வெச்சு ஒன்பதாவதுலயே கோச்சிங் பணம் கட்டலாமா?

கேள்வி: சார், நாங்க கேரளாவுல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. வீட்டுக்காரருக்கு கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலை, 22 ஆயிரம் சம்பளம், ரெண்டு மாட்டுப் பால்ல கொஞ்சம் வரும், எல்லாம் போக மாசம் 6 ஆயிரம் மிஞ்சும். மூத்தவ இங்கயே கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம், இப்ப ஒன்பதாவது, ஐஐடி போகணும்ங்கறா. கோயமுத்தூர் கோச்சிங்ல 4 வருஷத்துக்கு 3,20,000, இப்பவே மொத்தமா கட்டுனா 2,40,000 போதும்ங்கறாங்க. 8 பவுன் இருக்கு, வெச்சுரலாமா? பிளஸ் ஒன்னுக்கு பொள்ளாச்சி ஸ்கூலுக்கு மாத்துனா நல்லதாங்க? சின்னவன் ஏழாவது.

பதில்: வேண்டாங்க அக்கா, நகைய வெக்காதீங்க. 80 ஆயிரம் மிச்சம்னு அவங்க சொல்றாங்க சரி, ஆனா நகைக்கடன் வட்டி வருஷம் 10 சதவீதம்னே வெச்சுக்கங்க, 2,40,000க்கு வருஷத்துக்கு 24 ஆயிரம், அசலைத் தொடாம வட்டிய மட்டும் கட்டி மாத்தி மாத்தி வெச்சுட்டே போனா நாலு வருஷத்துல 96 ஆயிரம் ஆயிரும், அப்ப தள்ளுபடியும் போச்சு, மேல 16 ஆயிரம் கைய விட்டும் போச்சு. நடுவுல அசல் கட்டுனா வட்டி குறையும், இல்லங்கல, ஆனா 6 ஆயிரம் மிச்சத்துல எவ்வளவு கட்டுவீங்க?

அதுக்கும் மேல, 14 வயசுப் புள்ளைங்க மனசு மாறும். எங்க அக்கா பையனுக்கு இப்படித்தான் ரெண்டு வருஷத்துக்கு மொத்தமா கட்டுனாங்க, ஏழாவது மாசம் அவன் காமர்ஸ் போறேன்னுட்டான், ரீஃபண்டுக்கு மாமா நடந்த நடைக்கு செருப்புதான் தேஞ்சுது.

நாலு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கணும்ங்கறது நல்ல யோசனைதான், ஆனா அத கோச்சிங்ல ஆரம்பிக்க வேண்டியதில்ல. ஐஐடி நுழைவுத் தேர்வு ஜேஇஇ ரெண்டு கட்டம், முதல் கட்டம் மெயின், அத தமிழ்ல எழுதலாம், ரெண்டாவது கட்டம் அட்வான்ஸ்டு, அந்தப் பேப்பர் இங்கிலீஷ், இந்தி ரெண்டுலதான் வரும். தமிழ் மீடியம் புள்ளைக்கு அங்கதான் அடி விழும், கணக்கு தெரிஞ்சும் கேள்வி புரியாம உக்காந்திருக்கும். அதனால இப்பவே மத்திய அரசோட என்சிஇஆர்டி கணக்கு, சயின்ஸ் புக்கை இங்கிலீஷ்ல வாங்கிக் குடுங்க, சில நூறு ரூபாதான், தமிழ்ல படிச்ச பாடத்தையே அதுல மறுபடி படிக்கட்டும். கோச்சிங் பிளஸ் ஒன்ல பாத்துக்கலாம், அதுவும் வருஷா வருஷம் கட்டுற மாதிரி.

பொள்ளாச்சி விஷயம். காலேஜ் சீட்ல அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்குன்னு இருக்கற தமிழ்நாட்டு 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காகன்னா, அதுக்கு ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்க அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், நம்ம புள்ளைக்கு அது ஏற்கனவே இல்ல. மத்திய அரசு இன்ஜினியரிங் காலேஜான என்ஐடில பாதி சீட் சொந்த மாநிலத்துக்கு, எது சொந்த மாநிலம்னா பன்னெண்டாவது பாஸ் பண்ண மாநிலம், வீடு எங்க இருக்குன்னு பாக்க மாட்டாங்க. இங்கயே முடிச்சா கோழிக்கோடு, அங்க போனா திருச்சி, ரெண்டுமே நல்ல காலேஜ்தான், அதுக்காக வாடகை, பஸ் செலவுன்னு இழுத்துக்கணுமான்னு பாருங்க, நான்னா மாத்த மாட்டேன். ஐஐடிக்கு இந்தக் கணக்கே கிடையாது. 2015ல இருந்து நம்ம பாலக்காட்டுல ஐஐடி இருந்தும் உள்ளூர்க்காரங்கன்னு ஒரு சீட்டும் தனியா இல்ல.

ஐஐடி ட்யூஷன் ஃபீஸ் வருஷம் 2 லட்சம்னு பயப்படாதீங்க, குடும்ப வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி, உங்களுக்கு சுமார் 67 ஆயிரம்தான் வரும். ஹாஸ்டல், மெஸ், லேப்டாப், சேர்ற அன்னிக்கு கட்டற காசு, இதுக்குத்தான் கைல பணம் வேணும். மாசம் 5 ஆயிரம் பேங்க் ஆர்டில, அதான் மாசாமாசம் கட்டற சேமிப்புல, 48 மாசத்துக்குப் போடுங்க, வட்டி 6.5 சதவீதம் கெடச்சாலே 2,70,000க்கு மேல வந்துரும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷம், மூணு வருஷம் கழிச்சு நடுவுல மூடலாம்தான், ஆனா சேவிங்ஸ் வட்டிதான் குடுப்பாங்க, உங்களுக்கு நாலாவது வருஷமே காசு வேணுமே.

ஓபிசியா (பிற்படுத்தப்பட்ட வகுப்பு) இருந்தா இன்னொண்ணு, மத்திய அரசோட ஓபிசி லிஸ்ட் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தமிழ்நாட்டு லிஸ்ட்ல இருக்கற சாதி கேரளா லிஸ்ட்ல இல்லாமப் போகலாம். எந்த ஊர் சர்டிபிகேட் செல்லும்னு வில்லேஜ் ஆபீஸ்ல இந்த வருஷமே கேட்டு வைங்க, ரேங்க் வந்தப்புறம் ஓடினா முடியாது.

அப்புறம் சின்னவன். எட்டாவது போனதும் என்எம்எம்எஸ்ங்கற ஸ்காலர்ஷிப் பரிட்சை எழுத வைங்க, வருமானம் மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும், பாஸானா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷம் 12 ஆயிரம். மூத்தவளுக்கு அது தாண்டிப் போச்சு, இவனுக்காச்சும் ஹெட்மாஸ்டர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுருங்க.