நாலாம் நம்பரில் மட்டும் ஓடும் ப்ளோயருக்கு மோட்டார் எதற்கு?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருந்து தினமும் விடியற்காலையில் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன். 9 வருடப் பழைய சின்ன கார், கையால் திருகும் ஏசி. ஒரு மாதமாக ப்ளோயர் (ஏசி, ஹீட்டர் காற்றைத் தள்ளும் ஃபேன்) 1, 2, 3 வேகங்களில் ஓடுவதில்லை, 4-ல் மட்டும் ஓடுகிறது. போன வாரம் பிளாஸ்டிக் கருகும் வாடையும் வந்தது. சூளகிரி தாண்டும்போது பனியில் முன்கண்ணாடி மூடிக்கொள்வதால் ஹீட்டர் இல்லாமல் முடியாது. மோட்டாரையும் டேஷ்போர்டு ஒயரிங்கையும் மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். 4-ல் ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மோட்டார் செத்திருந்தால் எந்த நம்பரிலும் ஓடாது. ஃப்யூஸ், ரிலே போயிருந்தாலும் அப்படித்தான். இவ்வளவையும் அந்த ஒரு வரி கழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ரெசிஸ்டர்தான்.

உங்கள் கார் போன்றவற்றில் 1, 2, 3 ஆகிய வேகங்களுக்கான மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அது கொஞ்சத்தைத் தடுத்து வெப்பமாக்கிவிடுவதால் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. 4-ல் வைத்தால் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகப் போகிறது. ரெசிஸ்டர் பெரும்பாலும் இடது பக்கம் கிளவ் பாக்ஸுக்குக் கீழே, ப்ளோயர் காற்று படும் இடத்தில் இருக்கும். இரண்டு ஸ்க்ரூ, ஒரு கப்லர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி), அவ்வளவுதான். அதன் விலை மோட்டார் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதை மாற்ற டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை.

ஆனால் கருகல் வாடையைச் சும்மா விடக்கூடாது. நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்பே சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டர் கப்லரையும் மோட்டார் கப்லரையும் பிடுங்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறதா, பின் கறுத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். முழு வேகத்தில் ப்ளோயர் 20 ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும். தளர்ந்த பின்னில் ஒரே ஒரு வோல்ட் வீணானாலும் அங்கே 20 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அந்தப் பிளாஸ்டிக்குக்குள் செருகி வைத்தது மாதிரி.

உருகிய கப்லரிலேயே புது ரெசிஸ்டரை மாட்டிக்கொடுப்பவர்கள்தான் இங்கே அதிகம். சில மாதத்தில் அதுவும் கருகும், உடனே 'மோட்டார்தான் சார் கோளாறு' என்பார்கள். கப்லரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒயர் பழைய கனத்துக்குக் குறையக் கூடாது. முறுக்கி டேப் சுற்றுகிற வேலையை ஏற்காதீர்கள். கிரிம்ப் செய்து (உலோகத் துண்டில் ஒயரை அழுத்திப் பிணைத்து) ஸ்லீவ் என்ற காப்புறை போட வேண்டும். கம்பெனி சர்வீஸில் கேட்டால் கப்லர் தனியாக வராது, முழு ஒயரிங் செட்டாகத்தான் வரும் என்று சொல்வதும் உண்டு. நாலு பின்னும் ஒரு பிளாஸ்டிக் கூடும் தனியாக விற்றால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் ஒயரோடு சேர்ந்த கப்லர் தனியாகவே கிடைக்கும். நீங்களே போய் வாங்குங்கள். மெக்கானிக் வாங்கி வந்தால் பில்லில் யார் யார் பங்கு இருக்கிறது என்று தெரியாது. பழைய பாகத்தையும் கையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, ஃப்யூஸ். அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவதும், செம்புக் கம்பி சுற்றுவதும் காரைக் கொளுத்தும் வேலை. ஃப்யூஸ் பெட்டி மூடியில் 25 என்றோ 30 என்றோ என்ன போட்டிருக்கிறதோ, அதுதான். இதில் யார் சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டெஸ்ட் லேம்ப் (ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று எரிந்து காட்டும் சின்ன விளக்கு) வைத்துப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். பல கார்களில் மோட்டாருக்குப் பாசிட்டிவ் நேராக வந்துவிடும், சுவிட்ச் எர்த் (நெகட்டிவ்) ஒயரின் பக்கம் இருக்கும். அதனால் ப்ளோயர் ஆஃபில் இருக்கும்போது மோட்டாரின் இரண்டு ஒயரிலும் லேம்ப் எரியும். அது ஷார்ட் இல்லை. இதைக் காட்டித்தான் 'ஒயரிங் மொத்தமாகப் போச்சு' என்று பயமுறுத்துவார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதே காரின் டாப் மாடல் இருந்து, டிகிரி எண் காட்டும் ஆட்டோமேட்டிக் ஏசியாக இருந்தால், நான் ரெசிஸ்டர் பற்றிச் சொன்னதை அவருக்குச் சொல்லாதீர்கள். அதில் வேகத்தை டிரான்சிஸ்டர் வைத்த ஒரு மாட்யூல் கட்டுப்படுத்துகிறது. அது போனால் ப்ளோயர் ஓடவே ஓடாமல் போகலாம், அல்லது எந்த வேகத்தில் வைத்தாலும் முழு வேகத்தில் சுற்றலாம். அதன் கன்ட்ரோல் ஒயரில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைத் தொடவே கூடாது, மல்டிமீட்டர் மட்டும்தான். அங்கே 4-ல் ஓடுகிறதா என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. வெளியே ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கார் என்று ஒருவர் வைத்தியத்தை மற்றவர் செய்து மாட்யூலைக் கொன்ற கதைகள் உண்டு.

சரி, ரெசிஸ்டர் ஏன் போனது? கேபின் ஃபில்டரை (காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) பாருங்கள். கிரானைட் லாரி ஓடும் ரோட்டுத் தூசி அடைத்தால் காற்று குறையும், ரெசிஸ்டர் ஆறாது. மோட்டார் கிறீச்சிட்டாலோ, கையால் சுற்றும்போது இறுகினாலோ, தட்டினால்தான் ஓடினாலோ அப்போது மோட்டாரைப் பற்றிப் பேசலாம். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரோக்கர் ஏறியதும் பாட்டைச் சத்தமாக வைத்து ப்ளோயரை நேராக 4-க்குத் திருப்புவார். நீங்கள் பாட்டை நிறுத்தி 1, 2, 3 என்று ஒவ்வொன்றாகத் திருகுங்கள்.

உங்கள் கப்லர் சுத்தமாக இருந்தால் புது ரெசிஸ்டர் வரும்வரை 4-லேயே ஓட்டலாம். பனியில் வெளிக்காற்று வரும்படி வைத்து, ஏசியைப் போட்டு, வெப்பத்துக்கான குமிழைத் திருப்பினால் கண்ணாடி சீக்கிரம் தெளியும். உருகியிருந்தால் ப்ளோயர் ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டு, சரிசெய்யும்வரை பனி விலகிய பிறகு கிளம்புங்கள்.