முதுமாணிப் படிப்புக்கு வீட்டை ஈடு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகப் படித்தேன். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இப்போது களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. கழிவுகள் போக 66,000 ரூபாய் கைக்கு வரும். சனி, ஞாயிறு வகுப்புகளில் இன்னும் 18,000. அப்பா இல்லை. அம்மா, ஏ.எல். படிக்கும் தங்கை, நான் என்று மூன்று பேருக்கும் 65,000 அளவில் செலவாகிறது. தேசிய சேமிப்பு வங்கியில் நாலு லட்சம் வைத்திருக்கிறேன். அரச ஊழியருக்கான இடர்கடன் இதுவரை எடுக்கவில்லை.

இரசாயனவியலில் முதுமாணி செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு முகவர் இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் எடுத்துத் தருகிறாராம். கட்டணம் 26,000 ஸ்டெர்லிங் பவுண். விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுக் காசை 28 நாளைக்குக் கணக்கில் போட்டுத் தர அவர் தனிக் கட்டணமும் கேட்கிறார். அம்மா என் பெயரில் எழுதிய வீட்டை ஈடு வைத்து ஒரு கோடி எடுக்கலாம் என்கிறார் மாமா. பேராதனையில் வார இறுதியில் படிப்பதென்றால் கட்டணம் மூன்றே கால் லட்சம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். என் 11 பவுண் நகை மாமாவின் வயல் செலவுக்காக 2021 முதல் வங்கியில் அடகில் இருக்கிறது. பவுண் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் மூன்று லட்சம் எடுத்துத் தரும்படி இந்தப் பெரும்போகத்துக்கும் கேட்கிறார். கூடப் படிப்பிக்கும் ஒருவர், நாலு லட்சத்தைக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் போட்டால் மாதம் 10 வீதம் வரும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: மகள், உங்கள் கடிதத்தில் இங்கிலாந்து பற்றி நிறைய இருக்கிறது. நகை பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் தந்தது அந்த இரண்டு வரியும்தான். நீங்கள் இணைத்து அனுப்பிய அடகுச் சீட்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். அதையே முதலில் சொல்கிறேன்.

2021 ஐப்பசியில் ஆறு லட்சம் எடுத்தீர்கள். அடுத்த வருடம் நகையை மீட்கவில்லை, புதுப்பித்தீர்கள். விலை ஏறியிருந்ததால் மேலே ஒன்றரை லட்சம் எடுத்து மாமாவிடம் கொடுத்தீர்கள். வட்டி உச்சத்தில் இருந்த காலம் அது. நூற்றுக்கு 25 கட்டியிருக்கிறீர்கள். கட்டியது என்று சொல்வதும் சரியில்லை, வட்டி முதலோடு சேர்ந்துகொண்டது. 2023இல் மாமா ஒரு லட்சம் தந்தார். 2024இல் மறுபடி ஒரு லட்சம் எடுத்தார். ஆக, மாமாவின் கைக்குப் போனது எட்டரை லட்சம், திரும்பி வந்தது ஒரு லட்சம். கழித்தால் ஏழரை. ஆனால் இன்றைக்குச் சீட்டில் நிற்பது பதின்மூன்றரை லட்சம். மிச்சம் ஆறு லட்சமும் வட்டி. அது மாமாவுக்கும் உதவவில்லை, உங்களுக்கும் உதவவில்லை.

இப்போது வட்டி 13 வீதம். வருடத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம், மாதக் கணக்கில் 14,600. உங்கள் சம்பளச் சிட்டையில் இது கழிவாக விழுவதில்லை. அதனால்தான் கண்ணில் படவில்லை.

விதைப்புக்கு நகையை வைப்பதும் வெள்ளாண்மை வெட்டியதும் மீட்பதும் நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். படுவான்கரையில் எத்தனை வயல் அந்த நகையால்தான் விளைந்திருக்கிறது! ஐப்பசியில் போன நகை பங்குனியில் வீட்டுக்கு வந்துவிட்டால் ஐந்தாறு மாத வட்டியோடு கணக்கு முடிந்துவிடும். உங்கள் நகை நாலு பங்குனி தாண்டியும் வரவில்லை. மாமா ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், அந்தப் போகம் விளைச்சல் விழுந்தது. 2024 நவம்பர் வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் வயல்களை மூடியது. அவர் பட்ட நட்டம் உண்மையானது. ஆனால் அந்த நட்டத்தை வருடா வருடம் உங்கள் சீட்டில் ஏற்றிவைத்து, விலை ஏறியதால் சமாளித்துவிட்டோம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பவுண் விலை ஏறியது உங்களுக்கு வந்த லாபம். அதையும் சேர்த்து அடகு வைத்தாயிற்று.

என் அக்காவின் காப்பு ஒருமுறை இப்படித்தான் போனது. இரண்டு போகம் திரும்பி வந்தது. மூன்றாம் போகம் ஏல அறிவித்தல்தான் வந்தது. அன்றைக்கு அம்மா அழுத அழுகை இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்க வேண்டாம். இதை மாமாவிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம், அம்மாவையும் இருத்திக்கொண்டு பேசுங்கள். கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்: எட்டரை, ஒன்று, பதின்மூன்றரை. பெரும்பாலும் அவருக்கே இந்தக் கணக்கு தெரிந்திருக்காது. மாசி, பங்குனி அறுவடையில் நெல் விற்ற காசிலிருந்து எவ்வளவு தர முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையில் பாதி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வங்கியில் கட்டியபின் மிச்சம் எவ்வளவு நின்றாலும், சித்திரைக்குள் நகையில் ஒரு பகுதியை விற்று அடகை முடித்துவிடுங்கள். பவுண் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகிறது. மாமா ஒரு சதமும் தராவிட்டாலும்கூட ஆறு பவுண் விற்றால் கடன் தீர்ந்து, ஐந்து பவுண் கைக்கு வரும். கலியாணத்துக்கு வைத்த நகையை விற்பதா என்று அம்மா கேட்பார். கேட்கட்டும். இன்றைக்கு நீங்கள் கழுத்தில் போட ஒரு பவுண்கூட வீட்டில் இல்லையே.

சரி, இங்கிலாந்துக்கு வருகிறேன். 26,000 ஸ்டெர்லிங் பவுண் என்பது 400 ரூபாய்ப்படி ஒரு கோடியே நாலு லட்சம். லண்டனுக்கு வெளியே படித்தாலும் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,100 பவுணுக்கு மேல், ஒன்பது மாதத்துக்கு, விசாவுக்காகக் கணக்கில் காட்ட வேண்டும். அது இன்னும் நாற்பது லட்சத்துக்கு மேல். வீட்டை வைத்து வரும் ஒரு கோடிக்கு 14 வீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 1,16,000. பத்து வருடத்தில் முதலோடு கட்டி முடிக்க மாதம் ஒன்றரை லட்சத்துக்கும் கூட. உங்கள் சம்பளம் 66,000. இதற்கு மேல் கணக்குப் போட என்ன இருக்கிறது?

அங்கே வேலை எடுத்துக் கட்டலாம் என்று முகவர் சொல்லியிருப்பார். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்யும் விசா இரண்டு வருடம் என்றிருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். ஒரு கோடிக் கடனோடு இறங்கும் பிள்ளை அந்த 18 மாதத்தில் ஆய்வுகூட வேலைக்குக் காத்திருக்க மாட்டாள். கிடைத்த கடையில் நிற்பாள். வாழ்க்கைச் செலவுக் காசை 28 நாளைக்குக் கணக்கில் போட்டுத் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் பக்கமே போகாதீர்கள். பொய்யான ஆவணம் என்று பிடிபட்டால் விசா மறுக்கப்படும், பத்து வருடத் தடையும் வரலாம். அது முகவரின் பெயரில் விழாது, உங்கள் பெயரில் விழும்.

ஜேர்மனியில் கட்டணமே இல்லை என்றும் யாராவது சொல்வார்கள். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான். ஆனால் ஒரு வருடச் செலவு 11,904 யூரோவை முன்கூட்டியே பூட்டிய கணக்கில் வைக்க வேண்டும். நம் காசில் நாற்பது லட்சத்துக்கு மேல். அதையும் கடனில் வைப்பதென்றால் கதை ஒன்றுதான்.

உங்கள் பாடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகவர்கள் இதைச் சொல்வதில்லை, சொன்னால் அவர்களுக்குத் தரகு கிடையாது. இரசாயனவியலில் படிப்பிக்கவும் ஆய்வு செய்யவும் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் வேண்டும். அதனால் பல நாடுகளில் பட்டப்பின் மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு மாதாந்தம் காசும் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இரசாயனவியல் துறைகள் முதுமாணி இல்லாமலே, விஞ்ஞானமாணிப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்கு எடுக்கின்றன. செலவுக்கு முதல் வருட மாணவர்களின் ஆய்வுகூட வகுப்புகளை நடத்தும் வேலை தருகிறார்கள். வருடக் கணக்காகப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்து காட்டிய உங்களுக்கு அது புது வேலையா? கனடாவில் ஆய்வு செய்து எழுதும் முதுமாணிக்கும் பெரும்பாலும் இப்படித்தான். ஐரோப்பாவில் எரஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் மாதம் 1,400 யூரோ. இங்கிலாந்துதான் வேண்டும் என்றால் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு, முதல் வருடமே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் காசு கொடுத்துச் செய்விக்கும் ஒரு படிப்புக்கு நீங்கள் அம்மாவின் வீட்டைக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த விண்ணப்பங்களுக்கு உங்களிடம் குறைவாக இருப்பது ஆய்வு அனுபவம். பட்டத்துக்குப் பிறகு ஆய்வுகூடத்தை விட்டு விலகிவிட்டீர்கள். அதை இங்கேயே சரிசெய்யலாம். ஒரு வழி, கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்பவர்கள் கொடுப்பனவு பெற்றுக்கொண்டே பேராதனையில் எம்.பில். பட்டத்துக்குப் பதிவுசெய்கிறார்கள். ஆனால் முழுநேர வேலை. பாடசாலையில் விடுப்புக் கிடைக்குமா என்று வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தங்கை ஏ.எல். முடிக்கும்வரை வீட்டில் உங்கள் சம்பளம் இல்லாமல் முடியாது என்பதால் இந்த வருடத்துக்கு அதை நான் முதலாவதாகச் சொல்ல மாட்டேன்.

மற்றது பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் பகுப்பாய்வு இரசாயனவியல் எம்.எஸ்சி. நீங்கள் விசாரித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். கட்டணம் மூன்றே கால் லட்சம். கண்டிக்குப் போய்வர, ஒரு இரவு தங்க, சாப்பிட என்று மாதம் 25,000 போடுங்கள், பத்து மாதத்துக்கு இரண்டரை லட்சம். மொத்தம் ஐந்தே முக்கால். கையில் நாலு லட்சம் இருக்கிறது. துண்டு விழுவது ஒன்றே முக்கால் லட்சம். அதே தொகைதான் உங்கள் நகைக்கு ஒரு வருட வட்டி!

அந்தத் துண்டுக்கு அரச ஊழியருக்கான இடர்கடன் இருக்கிறதே. வட்டி 4.2 வீதம். நீங்கள் இதுவரை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இரண்டு லட்சம் எடுத்து ஐந்து வருடத்தில் கட்டினால் மாதம் நாலாயிரத்துக்குள். சனி, ஞாயிறு வகுப்புகள் நின்றுபோகும், அதில் ஒன்றிரண்டையாவது கிழமை நாட்களில் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் வந்தால் போதும். இறுக்கமான ஒரு வருடம்தான், ஆனால் வீடு வீடாகவே இருக்கும்.

அப்புறம் அந்தச் செயலி. மாதம் 10 வீதம் உண்மையானால் உங்கள் நாலு லட்சம் ஒரு வருடத்தில் பன்னிரண்டரை லட்சமாகும். இந்த நாட்டில் எந்தத் தொழிலும் அப்படி உழைக்காது. புதிதாகச் சேர்பவர்களின் காசை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுக்கும் வேலை இது. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இதைக் குற்றமாக்கியிருக்கிறது, மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. படிப்புக் காசில் ஒரு ரூபாயும் அங்கே வேண்டாம். உங்களோடு படிப்பிக்கும் அந்தப் பிள்ளையிடமும் காசை எடுக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே.

வெளிநாட்டு விண்ணப்பங்களை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் மூடுகின்றன. முகவர் அவசரப்படுத்துகிறார் என்று இப்போதே ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையை எழுதிவிடாதீர்கள். அந்தப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், பரீட்சைக் கட்டணமும் சின்னக் காசில்லை. அடுத்த ஓகஸ்ட் அளவில் எழுதினால் போதும். அதற்குள் அறுவடையும் முடிந்து, அடகும் முடிந்திருக்க வேண்டும்.

வங்கியில் நகையை மீட்கும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சீட்டில் எழுதிய நிறையோடு நகையை அங்கேயே நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்.